குழலும் கசடும்

இரண்டாம் ஆண்டு மாணவர், இளம் அறிவியல் (வேதியியல்)

நாற்றத்தைப் பற்றியும் ஒருவன் கட்டுரை எழுதுவானா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் எழுதத்தான் போகிறேன். சென்ற பருவத்தில் ஒருநாள் பிற்பகல், நம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எழுந்த ஒரு நாற்றமே இக்கட்டுரைக்குக் காரணம்.

அன்று உப்புப் பகுப்பாய்வு. எனக்குக் கொடுக்கப்பட்ட உப்பின்மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டேன். குப்பென்று ஒரு வாயு கிளம்பிற்று. காரீய அசிட்டேட்டில் நனைத்த தாளைச் சோதனைக்குழாயின் வாயருகே காட்டினேன், தாள் கறுத்தது. சல்பைடு! விடை கிடைத்த மகிழ்ச்சியில் நிமிர்ந்தேன். பேராசிரியை எங்கள் எல்லாரையும் பார்த்து, "இந்த வாடையை இதற்குமுன் எங்கே கண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். "அழுகிய முட்டை, மேடம்" என்று வகுப்பே சொல்லிற்று. நானும் அவர்களோடு சேர்ந்து அதையே சொன்னேன்.

நான் சொன்னது பொய். அந்த வாடையை நான் முதன்முதலில் அறிந்தது முட்டையில் அன்று. என் தாத்தா தம் துப்பாக்கியின் குழலைக் கழுவிக் கொட்டிய வெந்நீரில்தான் அறிந்தேன். அப்போது எனக்கு வயது எட்டு. வெந்நீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான். இதைச் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தாத்தாவின் துப்பாக்கி

நான் நரிக்குறவர் சமூகத்தைச் சேர்ந்தவன். எங்கள் வீடு அடையாற்றுப் பக்கம். அப்பாவும் அம்மாவும் தியாகராய நகரில் பாசிமணியும் ஊசியும் கொண்டை ஊசியும் விற்கிறார்கள். மயிலாப்பூரில் திருவிழா என்றால் பாட்டி தெற்கு மாடவீதியில் துணி விரித்து உட்கார்ந்துவிடுவார். தாத்தாவும் பாட்டியும் பள்ளி வாசலை மிதித்ததில்லை. அப்பா ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். வீட்டில் நாங்கள் பேசுவது வாக்ரிபோலி. அதற்கென்று எழுத்து கிடையாது. ஆகவே தாத்தா சொன்னவற்றை இங்கே தமிழில் தருகிறேன்.

எங்களைக் குருவிக்காரர் என்றும் சொல்வார்கள். தாத்தா இளைஞராக இருந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கங்களில் காடையும் கௌதாரியும் கொக்கும் அடித்து விற்றார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை குற்றமாயிற்று. அச்சட்டம் நல்ல சட்டமே என்பதில் எனக்கு ஐயமில்லை. அன்று தாத்தா சுட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் உலக அளவில் காக்கப்பட வேண்டிய ராம்சர் நிலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் ஒரு தலைமுறையின் தொழில் ஒரே நாளில் கையைவிட்டுப் போனது என்பதும் உண்மை. "குருவியைக் காப்பாற்றியது சரி, குருவிக்காரன் என்ன செய்வான்?" என்று மட்டும் தாத்தா கேட்பார். கோபமாகக் கேட்கமாட்டார்.

அதன் பின்னும் அந்த ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி உரிமத்தோடு அவரிடம் இருந்தது. செங்கல்பட்டுப் பக்கம் வேர்க்கடலை போட்டவர்கள், காட்டுப்பன்றியை விரட்ட அவரை அழைப்பார்கள். ரவை போடாமல் மருந்தும் தக்கையும் மட்டும் கெட்டித்து, இரவில் இரண்டு மூன்று வேட்டு போடுவார். பள்ளி விடுமுறையில் நானும் போவேன். தேர்தல் வந்தால் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒருமுறை ஒப்படைத்தார். அதற்குள் வயதும் ஆகிவிட்டது, உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. துப்பாக்கி வீடு திரும்பவில்லை. எஞ்சியது மருந்து அளக்கும் ஒரு சிறு மூங்கில் குழாய் மட்டுமே.

அந்தத் துப்பாக்கியிடம் தாத்தா நடந்துகொண்ட முறை எனக்கு இன்றும் மனப்பாடம். மூங்கில் குழாயில் மருந்தைக் கொட்டி, கட்டைவிரலால் ஒருமுறை வழித்துவிடுவார். தக்கைக்குத் தென்னை நார், எப்போதும் அதே அளவு. மருந்துக்கும் தக்கைக்கும் இடையே வெற்றிடம் இல்லாமல் கம்பியால் இடிப்பார். இடியின் எண்ணிக்கை மாறாது. ஒவ்வொரு வேட்டுக்குப் பின்னும் ஈரத்துணி, பின்னர் உலர்ந்த துணி. வேலை முடிந்ததும் எத்தனை நேரமானாலும் வெந்நீர். "நாளைக்குக் கழுவலாம்" என்ற பேச்சே கிடையாது. குழலை முகர்ந்து பார்ப்பார். "நாற்றம் நின்றால்தான் சுத்தம்" என்பார்.

"மருந்து கூடினால் குறி கூடும் என்று நினைக்காதே, தம்பி. அளவு ஒத்துப்போனால்தான் குறி ஒத்துப்போகும்." இது அவர் எனக்குச் சொன்ன பாடம். வேட்டைக்காலத்தில் ஒரு பலகையை நட்டு, ரவை எப்படிப் பரவுகிறது என்று பார்ப்பாராம். சரியில்லை என்றால் மருந்தையோ தக்கையையோ ரவையையோ மாற்றுவார். ஆனால் ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றுவார். "இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது கெடுத்தது என்று யாருக்குத் தெரியும்?" என்பார். ஓர் ஆய்வில் ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும் என்று முதலாண்டில் நாம் படித்தோமே, அது இதுதான்!

ஒரு மாலை

இவ்வளவும் தெரிந்த நான் கல்லூரியில் என்ன செய்தேன்? "உங்கள் தாத்தா என்ன செய்தார்?" என்று கேட்டவர்களிடம் "வியாபாரம்" என்றேன். முதலாண்டுப் பங்குனியில் மயிலாப்பூரில் அறுபத்துமூவர் விழா. வகுப்பு நண்பர்கள் இருவரோடு தெற்கு மாடவீதியில் நடந்து வந்தேன். கூட்டத்தின் ஓரத்தில் பாட்டி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கூப்பிட வாயெடுத்தார். உடன் வந்தவர்களைப் பார்த்தார். உடனே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "பாசிமணி வாங்குங்க, அம்மா" என்று யாரோ ஓர் அம்மாளிடம் பேசத் தொடங்கிவிட்டார்.

நான் நிற்காமல் நடந்தேன். அன்றிரவு வீட்டில் பாட்டி அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "சாப்பிட்டாயா?" என்று கேட்டுச் சோறு போட்டார். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஆய்வுக்கூடத்தில் அந்த வாடை எழுந்தபோது எனக்கு நினைவு வந்தது வெந்நீர்ச் செம்பு மட்டுமன்று, இந்த மாலையும்தான். இரண்டாம் முறையாகப் பொய் சொன்னேன். பிறகு தூக்கம் வரவில்லை. செய்வதறியாமல் புத்தகத்தைத் தேடினேன்.

கசடு என்பது யாது?

கரிமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் கலந்தது. வெடியுப்பின் வேதிப்பெயர் பொட்டாசியம் நைட்ரேட். இந்த மருந்து எரிந்தபின் என்ன ஆகிறது என்பதை 1870களில் பிரித்தானியர் இருவர் ஆராய்ந்தனர்: பீரங்கித் தொழிலில் இருந்த ஆண்ட்ரூ நோபிள், போர்த்துறை வேதியியலாளர் பிரடெரிக் ஏபெல். வலுவான எஃகுக் கலத்துக்குள் மருந்தை அடைத்து எரித்து, வெளியேற விடாமல் எடைபோட்டனர். எடையில் ஏறத்தாழ 43 விழுக்காடே வாயு. எஞ்சிய 57 விழுக்காடு திண்மப் பொருள்!

நண்பர்களே, இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நூறு பங்கு மருந்தில் பாதிக்கும் குறைவுதான் குண்டைத் தள்ளுகிறது. பாதிக்கும் மேற்பட்டது புகையாய்ப் போகிறது. போகாதது குழலில் கசடாய்ப் படிகிறது. அந்தக் கசடில் இருப்பவை பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட், பொட்டாசியம் சல்பைடு, எரியாத கரி. கார்பனேட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆகவே கடற்கரை ஊரில் கசடு கசிந்து, ஒரே இரவில் குழலில் துருவேற்றும். உள்நாட்டு வறண்ட வெயிலில் அதே கசடு அடிப்பிடித்த சோறு போல் காய்ந்து இறுகும். அடுத்த குண்டு உள்ளே இறங்காது. கேப்பு எனப்படும் பழைய பற்றவைப்பு மூடிகளில் இருந்த பொட்டாசியம் குளோரேட்டு, எரிந்தபின் குளோரைடாகி இன்னும் வேகமாக இரும்பைத் தின்னும்.

கரி தவிர இவை யாவும் உப்புகள். எண்ணெயில் கரையமாட்டா, நீரில் கரையும். சல்பைடு நீரைச் சந்திக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு சிறிது சிறிதாக வெளிவரும். நாற்றம் நின்றால் சல்பைடு போயிற்று என்று பொருள். வெந்நீர் என்றால் குழலும் சூடாகும். துடைத்ததும் ஈரம் தானே உலரும். அதற்குப் பிறகுதான் எண்ணெய்த் துணி. தாத்தாவின் ஒவ்வொரு செயலுக்கும் சமன்பாடு இருந்தது. அவருக்குச் சமன்பாடு தெரியாது. எனக்கு அந்தச் செயல் தெரிந்தும் சமன்பாட்டோடு அதைச் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

அரை மில்லிமீட்டர்

ஒரு ஞாயிறன்று எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1851இல் தோன்றிய அந்நிறுவனத்தில் புனித ஜார்ஜ் கோட்டை ஆயுதச்சாலையிலிருந்தும் தஞ்சை அரண்மனையிலிருந்தும் வந்த ஆயுதங்கள் உள்ளன. கண்ணாடிக்குப் பின்னால் நீண்ட குழல்களைப் பார்த்தபோது, "இவற்றையெல்லாம் கழுவியவர் யார்?" என்ற கேள்விதான் எனக்கு எழுந்தது. அந்தக் கேள்வியோடு வரலாற்றைப் படித்தபோது ஒரு புதிய செய்தி கிடைத்தது.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குக் கொழுப்புத் தடவிய தோட்டா ஒரு காரணம் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். தோட்டாவில் கொழுப்பை ஏன் தடவினார்கள்? அதற்கு விடை கசடுதான். என்ஃபீல்டு துப்பாக்கி 1853ஆம் ஆண்டு மாதிரி. அது சுரிகுழல் துப்பாக்கி, அதாவது ரைபிள். குழலின் உட்புறத்தில் மூன்று சுரிப்பள்ளங்கள் உண்டு. அவை குண்டைச் சுழல வைக்கும். சுழலும் குண்டு பம்பரம் போல் நிலைதவறாமல் செல்லும். ஆனால் பள்ளங்களில் கசடு படிந்தால் வாய்வழியே குண்டை இறக்குவது கடினம். அதை இளக்கவே விலங்குக் கொழுப்பும் தேன்மெழுகும் பூசினர். எந்த விலங்கின் கொழுப்பு என்று சிப்பாய்கள் கேட்டனர். வாயால் கடித்துத் திறக்க வேண்டியவர்கள் அவர்கள் அல்லவா? அவர்களுக்கு நேரான பதில் கிடைக்கவில்லை. 1806 ஜூலையில் நம் வேலூரில் தலைப்பாகை பற்றிச் சொன்னதையும் இப்படித்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மனிதர் சொன்னதைக் கேளாதவர்கள் குழல் சொன்னதைக் கேட்டார்கள். அந்தப் போரின் வெயிலில் கசடு இறுகி, குண்டு இறங்க மறுத்தது. ஆகவே 1850களின் இறுதியில் குண்டின் விட்டத்தைச் சுமார் 14.4 மில்லிமீட்டரிலிருந்து சுமார் 14 மில்லிமீட்டராகக் குறைத்தனர். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான மாற்றம்! குண்டு தளர்வாக இறங்கும். வெடித்ததும் அதன் குடைவான அடிப்பகுதி விரிந்து சுரிகளைப் பற்றிக்கொள்ளும். பூச்சிலும் கொழுப்பைக் குறைத்துத் தேன்மெழுகை மிகுத்தனர்; வெயிலில் மெழுகு எளிதில் உருகி ஓடாது.

பிறகு பின்புறம் திறந்து தோட்டா போடும் துப்பாக்கிகள் வந்தன. 1871ஆம் ஆண்டின் மார்ட்டினி-ஹென்றி ரைபிளின் தோட்டாவில் சுமார் 5.5 கிராம் கரிமருந்து. சுமார் 31 கிராம் எடையுள்ள, தாள் சுற்றிய குண்டு. இரண்டுக்கும் இடையே தேன்மெழுகு வில்லை. ஒவ்வொரு வேட்டிலும் மெழுகு குழலில் பூசப்பட்டு, கசடை இளக்கும்.

1874இல் அமெரிக்காவின் கிரீட்மூர் என்னுமிடத்தில் அயர்லாந்து அணிக்கும் அமெரிக்க அணிக்கும் 800, 900, 1000 கெஜத் தொலைவுகளில் போட்டி நடந்தது. அயர்லாந்தார் வாய்வழி நிரப்பும் துப்பாக்கிகளும், அமெரிக்கர் தோட்டாத் துப்பாக்கிகளும் வைத்திருந்தனர். இரு தரப்பிலும் கரிமருந்துதான். அமெரிக்கர் 934 புள்ளி, அயர்லாந்தார் 931. இத்தகைய துப்பாக்கிகளை விரும்பிச் சுடுவோர் அங்கு இன்றும் உள்ளனர். மருந்தின் அளவு, அதை அழுத்தும் அளவு, குண்டின் ஈயக் கலவை, மெழுகு ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றிச் சோதிக்கிறார்கள். இரண்டு வேட்டுகளுக்கு இடையே தோட்டா போடும் பின்பக்கத்தில் ஒரு குழாயைச் செருகி வாயால் ஊதுவார்கள். மூச்சின் ஈரம் கசடை இளக்கும். அல்லது ஈரத்துணியால் துடைப்பார்கள். துடைத்தால் ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். ஊதினால் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கையில் ஊத வேண்டும். கசடை முற்றிலும் ஒழிக்க முடியாது. ஒவ்வொரு வேட்டுக்கும் அதை ஒரே நிலையில் வைப்பதில்தான் குறி இருக்கிறது.

கசடை அளந்த அதே ஏபெல், 1889இல் ஜேம்ஸ் டேவாருடன் சேர்ந்து கார்டைட் என்னும் புகை குறைந்த மருந்தைக் கண்டார். நம் நீலகிரியின் அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த தொழிற்சாலை அம்மருந்தின் பெயரால்தான் அமைந்தது. கசடுத் தொல்லை பெரிதும் ஒழிந்தது. ஆனால் கார்டைட்டின் வெப்பம், கரிமருந்துக்கென்று ஆழமில்லாமல் வெட்டிய லீ-மெட்ஃபோர்டு ரைபிளின் சுரிகளை விரைவில் தேய்த்துவிட்டது. 1895இல் ஆழமான சுரிகள் வெட்ட வேண்டியதாயிற்று.

பத்துப் பொட்டலங்கள்

படித்தது போதும், சோதித்துப் பார்ப்போம் என்று தோன்றிற்று. மருந்தைத் தொட எனக்கு உரிமையுமில்லை, விருப்பமுமில்லை. சமையல் உப்பை எடுத்துக்கொண்டேன். தாத்தாவின் மூங்கில் குழாயால் நான் பத்து முறை அளந்து பத்துப் பொட்டலம் கட்டினேன். பிறகு தாத்தாவிடம் கொடுத்தேன். அவருக்கு எண்பதை நெருங்கும் வயது, கண்ணில் புரை. "எதற்கடா உப்பு?" என்றார். "சும்மா, தாத்தா" என்றேன். கட்டைவிரலால் வழித்து வழித்துப் பத்துப் பொட்டலம் அளந்து தந்தார். குழாயை அவர் பார்க்கவேயில்லை.

மறுநாள் பேராசிரியையின் அனுமதியோடு இருபது பொட்டலங்களையும் கல்லூரித் தராசில் நிறுத்தேன். என் பத்தில் ஒன்றுக்கொன்று ஏறுக்குமாறு. தாத்தாவின் பத்தில் வேறுபாடு மிகக் குறைவு. என்னுடையதில் கால் பங்குகூட இல்லை. பேராசிரியை குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, "இரண்டாவது வரிசை யார் அளந்தது? எந்தக் கருவி?" என்று கேட்டார். வகுப்பில் எல்லாரும் இருந்தார்கள்.

"என் தாத்தா, மேடம். மூங்கில் குழாயால் அளந்தார். நாங்கள் நரிக்குறவர்கள். அது அவர் துப்பாக்கி மருந்து அளந்த குழாய். அன்றைக்குச் சல்பைடு வாடையை எங்கே கண்டீர்கள் என்று கேட்டீர்களே, நான் அவருடைய குழலில்தான் கண்டேன்."

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பின்னர் பேராசிரியை கரும்பலகையில் என் பத்து எடைகளையும் தாத்தாவின் பத்து எடைகளையும் எழுதி, அளவையில் ஒத்திசைவு என்றால் என்ன என்று அன்றைய பாடத்தை நடத்தினார். வேறு எதுவும் சொல்லவில்லை. மயிலாப்பூரில் என்னோடு வந்த நண்பர்களில் ஒருவன் மட்டும் மாலையில், "அன்றைக்கு மாடவீதியில் இருந்தது உன் பாட்டியா?" என்று கேட்டான். "ஆம்" என்றேன். "ஏன்டா சொல்லவில்லை?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

நரிக்குறவரையும் குருவிக்காரரையும் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்திருத்தம் 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. எங்கள் தம்பி தங்கைகளுக்கு அது கதவைத் திறக்கும். மகிழ்ச்சிதான். ஆனால் கதவைத் தாண்டி உள்ளே வந்தவன், வெளியே உட்கார்ந்திருக்கும் பாட்டியைத் தெரியாதவன் போல் நடந்தால் அந்தக் கசடைச் சட்டம் கழுவாது. அதை அன்றன்றைக்கு நாமேதான் கழுவ வேண்டும். நாளைக்கு என்று விட்டால் துருவேறும்.

இந்த ஆண்டுப் பங்குனியில் பாட்டி பக்கத்தில் துணி விரித்து நானும் உட்கார்ந்தேன். வகுப்பிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். பாட்டி அவர்களிடமும் விலை குறைக்கவில்லை!

இக்கட்டுரையைத் தாத்தாவுக்குப் படித்து, எங்கள் மொழியில் விளக்கினேன். நோபிள், ஏபெல், கிரீட்மூர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், "வெந்நீரை ஒரு தடவை ஊற்றினதாக எழுதினாயா, இரண்டு தடவையா?" என்று கேட்டார். எத்தனை தடவை என்று எழுதவில்லை என்றேன். "இரண்டு தடவை" என்றார். "எழுதிக்கொள். யாராவது படித்துவிட்டு ஒரு தடவையோடு விட்டுவிடப் போகிறார்கள்."

எழுதிவிட்டேன்.